ரேடியோ அக்கா வந்திருக்கிறாள்

“வாசல்ல இத்தனை பேர் காத்திருக்காங்க. நீங்க அந்தம்மாவை உள்ள உட்காரவெச்சு டீ சொல்றீங்களா டாக்டர்?”

நர்ஸுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவள் ரேடியோ அக்கா. தையல்காரி. அவள் காதில் விழுந்த சேதி, கையிலிருக்கும் ஜாக்கெட்டைத் தைத்து முடிப்பதற்குள் நாலு தெரு தாண்டிவிடும்.

“போன தடவை அம்மை பரவினப்போ, ஊசி போட்டா பிள்ளைங்களுக்குக் கை விளங்காமப் போயிடும்னு கிளப்பிவிட்டதே இவதான். மருந்து ஃப்ரிட்ஜிலேயே கிடந்து வீணாப் போச்சு. வார்டுல பிள்ளைங்க பட்ட பாட்டை நான் பார்த்தேன். அப்போ நீங்க இங்க இல்லை.”

“அதனாலதான் கூப்பிட்டேன் சிஸ்டர்,” என்றார் புதிதாக வந்திருந்த டாக்டர். “அப்போ மைக் கட்டிக் கத்தினீங்க, நோட்டீஸ் ஒட்டினீங்க. ஊர் யார் பேச்சைக் கேட்டுச்சு?”

“இவ பேச்சை.”

“இப்போ பக்கத்து ஊர் வரைக்கும் அம்மை வந்தாச்சு. மறுபடியும் மைக்கா கட்டச் சொல்றீங்க?”

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே டீ சொல்லப் போனாள்.

ரேடியோ அக்கா சுற்றி வளைக்கவில்லை.

“ஊசி போட்டா காய்ச்சல் வருமா, வராதா? மழுப்பாமச் சொல்லுங்க டாக்டரம்மா.”

“சில பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு வரும். ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும்.”

“கை?”

“போட்ட இடம் வலிக்கும். கை எங்கேயும் போகாது.”

ரேடியோ அக்கா சிரித்துவிட்டாள். “சரி, வேலைக்குப் போற பொம்பளைங்க என்ன பண்றது? நீங்க மத்தியானமே கதவைச் சாத்திடறீங்களே.”

டாக்டர் யோசித்தார். “சாயங்காலமும் திறந்து வெச்சா வருவாங்களா?”

“திறந்து வைங்க. கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு.”

மறுநாள் சாயங்காலம் வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நின்றது. ஒரு பிள்ளை ஆரம்பித்தால் போதும், பத்துப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து அழுதன. ரேடியோ அக்கா வரிசை நெடுக நடந்துகொண்டிருந்தாள்.

“அழட்டும் விடு. காய்ச்சல் வந்தாலும் வரும், பயப்படாதே. கை எங்கேயும் போகாது. டாக்டரம்மாவே சொன்னாங்க.”

நர்ஸுக்கு நிமிரக்கூட நேரமில்லை. கை வலித்தது. ஆனாலும் முகத்தில் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு டாக்டர் கேட்டார். “போன தடவையும் இப்படி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லியிருக்கலாமே அக்கா?”

ரேடியோ அக்காவின் முகம் சற்று வாடியது.

“சொல்லணும்னுதான் நினைச்சேன். என்ன ஏதுன்னு விசாரிக்க இதே வாசலுக்கு வந்தேன். ‘உனக்கெல்லாம் பாடம் எடுக்க இங்க ஆள் இல்லை, போ’ன்னு விரட்டிட்டாங்க. கேட்கவே விடலைன்னா, எதையோ மறைக்கிறாங்கன்னுதானே தோணும்? வெளியில நாலு பேர் பயந்து பேசினதை நானும் நம்பிட்டேன்.”

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸின் கை நின்றது. அந்த மத்தியானம் அவளுக்கு நினைவு வந்தது. வாசலில் நின்ற முகம் மறந்திருந்தது. சொன்ன வார்த்தை மறக்கவில்லை. அது அவளுடைய வார்த்தைதான்.

“யார் அப்படி விரட்டினது?” டாக்டரின் குரல் கறாராக இருந்தது.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். விடிவதற்குள் இது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ரேடியோ அக்கா ஒரு கணம் நர்ஸைப் பார்த்தாள்.

“முகம் மறந்துபோச்சு டாக்டரம்மா,” என்றாள், ஊரில் ஒருத்தர் சேதியையும் மறந்தறியாத ரேடியோ அக்கா.