சீனர் சங்கத்தில் முருகையன்

“முருகையன், ஹாஜா மைதீன், பிரகதாம்பாள்... இதுல யாரும்மா சீனாக்காரர்?”

விசாரணைக்கு வந்த அதிகாரி கோவிந்தராசு கேட்டது நியாயமான கேள்விதான். கும்பகோணம் சீனர் நலச் சங்கத்தின் செயலாளர் மேரி லியூ சந்தா நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வாய்க்குப் பஞ்சமில்லாத மனுஷி. பிறந்தது, வளர்ந்தது, அப்பாவிடம் பல் கட்டப் பழகியது எல்லாம் இதே ஊரில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், கும்பேஸ்வரன் கோயில் பக்கத்துப் பொம்பளை என்றுதான் நினைப்போம்.

“சந்தா கட்டறாங்க சார். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து புல்லு வெட்டறாங்க, வேலி கட்டறாங்க.”

“ஏன் கட்டறாங்கன்னுதானே கேக்கறேன்?”

விஷயம் இதுதான். அரசலாற்றங்கரையில் சங்கத்துக்கு ஓர் இடுகாடு உண்டு. மேரியின் அப்பா காலத்தில் வாங்கியது. இந்தப் பத்து வருஷத்தில் இளவட்டம் எல்லாம் டொரான்டோ, சிட்னி என்று கிளம்பிப் போய்விட்டது. தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சேர்த்தும் மிச்சம் ஐந்தே சீனர்கள். சட்டப்படி ஏழு பேர் வேண்டும். இல்லாவிட்டால் சங்கம் காலி, இடமும் காலி.

பக்கத்து வயலையெல்லாம் வளைத்து, ‘நகர்’ என்று பெயர் வைத்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார் ஒரு புண்ணியவான். ‘சீனரே இல்லாத சீனர் சங்கம்’ என்று மனுப் போட்டது அவர்தான். ஊர்க்காரன் காசில் அப்பன் சமாதியைப் பார்த்துக்கொள்கிறாள், கெட்டிக்காரி என்று டீக்கடையிலும் மேரியைப் பற்றித்தான் பேச்சு. இன்றைக்கு அந்த டீக்கடைக் கூட்டம் மொத்தமும் சங்கத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

கோவிந்தராசு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “உங்க விதிப்படி, மெம்பர்னா சீனரா இருக்கணும். இல்லே, அந்த இடுகாட்டுல அடக்கமானவங்களோட சம்பந்தம் இருக்கணும். பாட்டியம்மா, உங்களுக்கு என்ன சம்பந்தம்?”

பிரகதாம்பாள் பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பிறகு மாட்டிக்கொண்டு சொன்னாள்.

“மேரியோட அப்பா கட்டினது. இன்னிக்கும் முறுக்கு கடிக்கிறேன் தம்பி. அந்த மகராசன் தலைமாட்டுல முள்ளு மொளைக்க விட்டுடுவேனா?”

வாசல் கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோவிந்தராசுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பல்லு சம்பந்தமெல்லாம் செல்லாதும்மா. சரி, பாய், நீங்க?”

பாத்திரக்கடை ஹாஜா மைதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

“முருகையன்?”

வெற்றிலைக் கொடிக்கால் முருகையன் துண்டை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மேரிதான் குறுக்கே வந்தாள். “அவங்களை விட்டுடுங்க சார். நல்ல மனசுல கட்டறாங்க.”

“நல்ல மனசையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா. இந்த மூணு பேரையும் கழிச்சா அஞ்சுதான். சங்கத்தை ரத்து பண்ணலாம்னுதான் நான் எழுதியாகணும்.”

முருகையன் நிமிர்ந்தார். “ரத்தாயிட்டா சமாதியெல்லாம் என்னங்க ஆகும்?”

“இடம் யார் கைக்குப் போகுதோ அவங்க இஷ்டம்.”

“மெஷின் விட்டு நெரவிடுவாங்களா?”

“யார் தடுக்க முடியும்?”

ஹாஜா மைதீன் மேரியின் பக்கம் திரும்பினார். “மேரிம்மா, சொல்லிடுங்க” என்றார்.

மேரி எழுந்து வாசல் கதவைச் சாத்தப் போனாள்.

“வேணாம்மா, தெறந்தே இருக்கட்டும்” என்றார் முருகையன். “இவ்வளவு நாள் சாத்தி வெச்சது போதும்.”

மேரி அங்கேயே நின்றாள். “எங்கப்பாவுக்குப் பக்கத்துல எனக்குன்னு ஒரு எடம் வெச்சிருந்தேன் சார். அதுல ரெண்டு பேர் படுத்திருக்காங்க. சின்னஞ்சிறுசுங்க. பையனுக்கு சிங்கப்பூர்ல வேலை. லீவுல வந்து, ரெண்டு வீட்டையும் மீறி ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நாகூர் போற வழியில பஸ்ஸு மோதி, ரெண்டு பேருமே போயிட்டாங்க.”

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“பெத்தவங்க போய் அவங்கவங்க ஆளுங்ககிட்ட எடம் கேட்டாங்க. உன் பிள்ளையை மட்டும் கொண்டா, கூட இருக்கறது இங்க வரக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் ஒரே பதில். ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்து ரெண்டு குடும்பமும் அழுதுச்சு. எனக்குப் பாக்கப் பொறுக்கலை. சேத்தே கொண்டாங்கன்னுட்டேன். வம்பு வரும்னு கல்லுல பேரு வெட்டலை. வெளியூர்ல அடக்கம் பண்ணிட்டாங்கன்னுதான் ஊர்ல எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க.”

கோவிந்தராசு பேனா மூடியைத் திருகித் திறந்தார். அவருக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டுமே.

“முருகையன், நீங்க வாயால சொல்லணும். உங்களுக்கு என்ன சம்பந்தம்?”

முருகையன் எழுந்தார். பெஞ்சின் மறு ஓரத்துக்குப் போய், ஹாஜா மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்றவர்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

“இவரு என் சம்பந்திங்க.”