தெரு முன்னால் குடித்த தண்ணீர்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு குழாய்த் தண்ணீர் கதை சொல்கிறேன்.

பழுப்புத் தண்ணீர் வருகிறதென்று ஒரு தெருவே கொதித்துக் கிடந்தது. இன்றைக்குச் சமாதானப்படுத்தாவிட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்களே என்று பார்க்க வந்த குடிநீர் வாரியப் பொறியாளரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருமுனைக் குழாயைத் திறந்தார். பளிங்குபோல் வந்தது.

“உள்ள மண்ணு படிஞ்சிருக்கும் மேடம், அலசி விட்டுடலாம்,” என்றார் கூட வந்த வால்வு திறப்பவர்.

“இவ்ளோ தெளிவா வருது, எதுக்குய்யா அலசணும்?”

“அப்ப நீங்க குடிங்க பாப்போம்!” என்று சீண்டினாள் ஒருத்தி.

மடமடவென்று ஒரு டம்ளர் குடித்தார். தெருவே கைதட்டிவிட்டு வீட்டுக்கு ஓடியது.

பத்தே நிமிடம். குடமும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். அத்தனையும் பழுப்பு!

“காலையிலகூட இப்படித்தான் வந்துச்சா?” என்று ஒரு குடத்துக்குள் எட்டிப் பார்த்தார் பொறியாளரம்மா.

“யாருக்குத் தெரியும்? பயந்துபோய் ஒரு வாரமா குழாயையே யாரும் தொடல,” என்றாள் சீண்டியவள்.

வால்வு திறப்பவர் தலையில் கைவைத்தார். “அதான் மேடம், மண்ணு அசையாமக் கிடந்துச்சு. இப்ப உங்கள நம்பி எல்லாரும் ஒண்ணாத் திறந்தாங்களா, வேகத்துல கிளம்பிடுச்சு.”

உங்கள் வீட்டுக் குழாயில் என்றைக்கும் நல்ல தண்ணீரே வரட்டும். குடும்பம் குளிர்ந்து கிடக்கட்டும்.