சுருட்டிய குழாய்

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் குழந்தையைப் பரிசோதித்துவிட்டு வந்து கை கழுவுகிறார். தண்ணீர் விழும் சத்தம் அறையை நிறைக்கிறது. தையல்காரி தன் மகளுக்குக் கவுனை மாட்டித் தோளில் சாய்த்துக்கொள்கிறாள். ஒன்றரை வயதுக் குழந்தை. பிறப்புறுப்பின் இதழ்கள் ஒட்டிப்போய், சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் அழுதுகொண்டிருந்தவள். மேசைமேல், ஜன்னல் வெயிலில், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த சீட்டும், வாலிலிருந்து இறுகச் சுருட்டிய களிம்புக் குழாயும் கிடக்கின்றன. "களிம்பெல்லாம் வேலைக்கு ஆகாது, ஆபரேஷன்தான்" என்று எட்டு வாரமாகச் சொல்லிவந்த கணவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். அவளோ ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை; தடவிய ஒவ்வொரு வேளைக்கும் துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். "முழுசா பிரிஞ்சிருச்சு. கத்தி வேண்டாம்." டாக்டரம்மா சீட்டைக் கிழிக்கிறார். "நீங்க அவசரப்பட்டு இழுத்துப் பார்க்கலை. அதான் புண்ணே இல்லை." தையல்காரி லேசாகச் சிரிக்கிறாள். "தையலை இழுத்துப் பிரிச்சா துணி கிழியும்னு எனக்குத் தெரியாதா டாக்டர்." "சில குழந்தைங்களுக்குத் திரும்பவும் ஒட்டும். கொஞ்ச நாள் வாசலின் தடவுங்க." "ஒட்டினா ஒட்டட்டும். மறுபடி பொறுமையா பிரிச்சாப் போச்சு." சொல்லும்போது அவள் முகம் நிமிர்ந்தே இருக்கிறது. குழந்தை அவள் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைச் சப்புகிறது. காலிக் குழாயைக் குப்பையில் போட நர்ஸ் கை நீட்டுகிறாள். "அது இருக்கட்டும் சிஸ்டர்" என்று கணவன் முந்திக்கொண்டு எடுத்து, பேனாவைச் செருகுவதுபோல் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறான்.