யானை ஏறி வந்த வழி

காட்டில் எல்லோருடைய தானிய மூட்டைகளையும் யானைதான் முதுகில் சுமந்து காத்துவந்தது. சிற்றெறும்புக்கு அந்த யானை என்றால் அப்படியொரு பெருமை. ஒருநாள் யானை மூட்டைகளோடு ஆற்றங்கரைச் சரிவில் சறுக்கு விளையாடப் போய், சேற்றில் புதைந்துபோனது.

"நான் முங்கினால் உங்கள் மூட்டைகளும் முங்கும், தெரியுமல்லவா?" என்றது.

அவ்வளவுதான். முயலும் அணிலும் அன்றாடச் சாப்பாட்டுக்கு வீட்டில் வைத்திருந்த தானியத்தை அள்ளி வந்து, யானையின் காலுக்குப் பிடிமானமாகச் சேற்றில் கொட்டின. எறும்பு தன் புற்றையே துடைத்துக் கொட்டியது. அதையெல்லாம் மிதித்து மேலே ஏறிய யானை, தும்பிக்கையை உயர்த்திப் பிளிறியது.

"எழுந்த அழகைப் பார்த்தீர்களா!" என்று பூரித்து ஓடிய எறும்பு, யானையின் கால்தடக் குழிக்குள் விழுந்தது. "ஐயா, கொஞ்சம் தூக்கிவிடுங்களேன்!"

யானை குனிந்து பார்த்தது. "பார்த்து நடக்க வேண்டாமா, அம்மா? உன்னைத் தூக்கிவிட்டால் நாளைக்கு ஆளாளுக்குப் பொறுப்பில்லாமல் விழுவார்களே!" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அந்தச் சரிவைப் பார்த்து நடந்தது.

கழுத்துவரை சேற்றில் நின்ற எறும்புக்கு மெய்சிலிர்த்தது. "பேச்சில் எவ்வளவு நியாயம் பாருங்கள்!" என்றது.