பூட்டக்கா செய்த தப்பு

“மறுபடியும் பூட்டா? அக்கா, இது ஆஸ்பத்திரி மணி. பேங்க் லாக்கர் இல்ல!”

ஆபீசே சிரித்தது.

இப்படிக் கேட்டவன் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் டைப் அடிக்கிற வேகத்துக்கு ‘புயல்’ என்று பட்டம் வாங்கிவிட்டான். சி மொழியில் எழுதுகிற புரோகிராமிலெல்லாம் பூட்டுப் போடுகிற சீனியருக்கு ‘பூட்டக்கா’.

“தம்பி, நோயாளி மணியை அழுத்தினா புரோகிராம்ல ஓடற ஒரு இழை, அதாவது த்ரெட், அவரோட படுக்கை நம்பரை லிங்க்டு லிஸ்ட்ங்கற சங்கிலியில கோக்குது. இன்னொரு த்ரெட் அதை எடுத்து நர்ஸுக்குக் காட்டுது. ரெண்டும் ஒரே நேரத்துல சங்கிலியில கை வெச்சா, நடுவுல ஒரு கண்ணி கழண்டு போயிடும். பூட்டு இருந்தா, ஒண்ணு முடிச்சப்புறம்தான் இன்னொண்ணு தொடும்.”

“அதுக்குள்ள நோயாளி டிஸ்சார்ஜே ஆயிடுவார்க்கா!”

மேனேஜரும் சிரித்தார். மேனேஜர் சிரித்துவிட்டால் அது கொள்கை முடிவு.

அக்கா லீவில் போன வாரம், புயல் பூட்டைக் கழற்றினான். மணி பறந்தது. சோதனையில் ஒரு பிழை இல்லை. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வேகம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்டு நல்ல நேரத்தைக் கெடுக்கவில்லை.

அக்கா திரும்பி வந்த அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒரு அம்மா மணியை அழுத்திவிட்டுக் காத்துக் காத்துப் பார்த்திருக்கிறார். நர்ஸின் திரையில் அவர் நம்பரே வரவில்லை. தானே எழுந்திருக்கப் போய், விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மேனேஜர் அறையில் இருவரும் நின்றார்கள்.

“பூட்டை எடுத்தது யாரு?”

அக்கா புயலை ஒருமுறை பார்த்தார்.

“நான்தான் சார் எடுக்கச் சொன்னேன். லீவுல இருந்தப்ப போன்ல. தம்பி சொன்னதைச் செஞ்சான், அவ்வளவுதான்.”

மேனேஜர் போட்ட சத்தத்தில் அக்காவுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் ஓடிப்போனது.

வெளியே வந்ததும் புயல் அழுதேவிட்டான். “ஏன்க்கா இப்படி?”

“எனக்குத் திட்டோட போச்சு. உனக்கு வேலையே போயிருக்கும்டா. வா, முதல்ல பூட்டைத் திரும்பப் போடலாம். நான் பக்கத்துலயே இருக்கேன்.”

“சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா.”

புயலுக்கு வேலை நிரந்தரமானது. கொஞ்ச நாளில் மேனேஜர் கூப்பிட்டார்.

“ஐசியூ மணியும் நமக்கே வந்திருக்கு. அக்காவுக்கு இன்னொரு சான்ஸ் குடுத்து, அவங்களையே தலைமைக்குப் போடலாமான்னு பார்க்கிறேன். இல்லேன்னா நீதான். கூடவே இருந்து பார்த்தவன், நீ என்ன சொல்றே?”

புயல் நன்றி உள்ள பையன். நன்றாக யோசித்தான்.

“அக்கா தங்கமானவங்க சார். ஆனா இது உயிர் விஷயமாச்சே… அன்னிக்கு அவங்க செஞ்ச தப்பை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”