மீன் எண்ணெய் பட்ட சல்யூட்

"ஜெனரல், இந்தத் தடவ தேறுவீங்களா?" என்று மீன் பொரிக்கும் லாம்பர்ட் கேட்கிறான். "உன் மீன் கருகாம வரட்டும்டா, நானும் தேறிடுறேன்," என்கிறார் டிஸ்டேல். 1962 கோடை. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் மாகாணப் படைத் தலைவரையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டசபையில் பேசிப் பழகிய டிஸ்டேல் மூன்று தேர்தலாக அந்த நாற்காலியில் இருக்கிறார். இம்முறை எதிர்த்து நிற்பது அவருக்குக் கீழேயே வேலை பார்க்கும் கர்னல் டோர்செட். இருவரும் ஓட்டுக் கேட்க வந்திருக்கும் மீன் விருந்து இது; சர்ச் மைதானத்து ஓக் மரங்களுக்கடியில் வெயில் சல்லடையாக விழுகிறது. காகித விசிறிகள் படபடக்கின்றன. இருவரும் சீருடையில் இல்லை. வெள்ளைச் சட்டை, முதுகெல்லாம் வியர்வை. மீனைப் பிய்த்துத் தின்றபடி திரும்பும் டோர்செட்டின் எதிரே டிஸ்டேல். அவ்வளவுதான், கர்னலின் வலது கை தானாக எழும்பி நெற்றியைத் தொடுகிறது. புருவத்தில் எண்ணெய் மினுங்குகிறது. கூட்டம் சிரிக்கிறது. "யாருக்கு ஓட்டுன்னு அவரே சொல்லிட்டாரு!" என்று பீச் பழத் தோட்டக்காரி வெர்னா கத்துகிறாள். டோர்செட் கையை இறக்கவில்லை. பதில் சல்யூட் வரும்வரை இறக்கக் கூடாதே. "தேர்தல் முடியுற வரைக்கும் நீங்கதானே என் மேலதிகாரி, சார்," என்கிறார், காது சிவக்க. சிரிப்பு நிற்கிறது. யாரோ கைதட்ட, மைதானமே தட்டுகிறது. டிஸ்டேலின் கையும் நெற்றிக்குப் போகிறது. ஜெயித்துவிட்டதுபோல நெஞ்சு நிமிர்கிறது. அப்புறம்தான் பார்க்கிறார், வெர்னா கர்னலைப் பார்த்துத் தட்டுகிறாள். லாம்பர்ட்டும்தான். நீங்களே சொல்லுங்க, அந்தக் கூட்டத்துல நீங்க நின்னிருந்தா உங்க ஓட்டு யாருக்கு?