சிக்கு விழாத பூனை

பெர்ஷியன் பூனை தன் வீட்டுக்கு ஒத்துவருமா என்று ஒரு வாரம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லித்தான் சற்குணம் அதை வாங்கி வந்திருந்தான். பூனை வளர்த்து விற்கும் பெனிட்டா சீப்பையும் சேர்த்தே கொடுத்திருந்தாள். "தினமும் சீவிவிடணும் சார். ரெண்டு நாள் விட்டீங்கன்னா சிக்கு விழுந்து தோலோட இழுக்கும், பாவம்."

சீப்பு உறை பிரிக்காமலே கிடந்தது. எட்டாம் நாள் அவளே வந்தாள்.

"எனக்குத் தோதுப்படாதுங்க, கூட்டிட்டுப் போயிடுங்க. என் தலையையே நான் சீவுறதில்ல" என்றான், பிடரிவரை புதராக மண்டிய முடியைச் சொறிந்துகொண்டே.

பெனிட்டா பூனையை மடியில் கிடத்தி ரோமத்துக்குள் விரலை விட்டாள். ஓரிடத்தில்கூட விரல் தடைபடவில்லை. நெற்றியிலிருந்து வால்வரை நேர்வகிடு ஓடியது.

"நான் சீவினாக்கூட இப்படி வராது. வீட்ல வேற யாரு சார் இருக்காங்க?"

"யாருமில்லைங்க."

பூனை ஜன்னலோரத்துக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. பகலெல்லாம் அது படுத்துக் கிடந்த இடம் அதுதான். அவளும் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பூனையைக் கூண்டில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள். கடைசிப் படிவரை பூனையின் அழுகை கேட்டது.

விட்டது தொல்லை என்று கதவைச் சாத்திவிட்டு வந்து சற்குணம் அந்த நாற்காலியில் சாய்ந்தான். பொட்டு ரோமம்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. கண்ணை மூடினான். பிடரியில் நாள்பட்டு இறுகியிருந்த சிக்கை யாரோ, வலிக்காமல், இழை இழையாகப் பிரிக்கத் தொடங்கினார்கள்.